ஆளுநரின் மௌனமும் அரசியலமைப்பின் காலக்கணக்கும்: 200ஆம் உறுப்பு குறித்த அண்மை விவாதம்

ஆய்வுச் சுருக்கம்

மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமுன்வடிவின்மீது ஆளுநர் எம்முடிவும் எடுக்காமல் இருப்பின் அதற்குச் சட்டத்தில் தீர்வு உண்டா என்னும் வினாவுக்கு, இந்திய உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு விடையும் நவம்பரில் வேறொரு விடையும் தந்தது. அரசியலமைப்பின் 200, 201ஆம் உறுப்புகளின் சொல்லமைப்பையும் அச்சொற்கள் உருவான வரலாற்றையும் துணையாகக் கொண்டு இவ்விரு விடைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஆளுநருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதைவிட, முடிவு எடுக்கப்படாத நிலையை நீதிமன்றம் எவ்வாறு அளப்பது என்பதே சிக்கலின் மையம் என்பது கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: ஆளுநர், சட்டமுன்வடிவு, இசைவு, 200ஆம் உறுப்பு, கருதப்பட்ட இசைவு, கருத்துரை அதிகார வரம்பு, செயலுறுத்து நீதிப்பேராணை.

முன்னுரை

2017 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் சல்லிக்கட்டை அனுமதிக்கும் திருத்தச் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. அது ஆளுநர் வழியாகக் குடியரசுத் தலைவரைச் சென்றடைந்து ஜனவரி 31 அன்று இசைவு பெற்றது. இடைப்பட்ட காலம் எட்டு நாள். அதே சட்டமன்றம் 2020 ஜனவரியில் நிறைவேற்றிய பல்கலைக்கழகத் திருத்த முன்வடிவோ 2023 நவம்பர் வரை ஆளுநர் மாளிகையிலேயே இருந்தது. இரண்டிற்கும் அடிப்படை ஒரே அரசியலமைப்பு, ஒரே உறுப்பு. மெரினாவில் திரண்ட கூட்டம் முன்னதற்கு விரைவைத் தந்தது என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் கூட்டம் திரளாத முன்வடிவுக்கு என்ன வழி என்பதே சட்டம் பயிலும் மாணவர் கேட்க வேண்டிய வினா.

இவ்வினா தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. தெலங்கானா, பஞ்சாப், கேரளம் ஆகிய மாநிலங்களும் இதே குறையோடு உச்ச நீதிமன்றத்தை அணுகின. தெலங்கானா வழக்கில் 2023 ஏப்ரலில் நீதிமன்றம் ‘இயன்ற அளவு விரைவில்’ என்னும் தொடருக்கு அரசியலமைப்புச் சார்ந்த கனம் உண்டு என்று மட்டும் சுட்டிக்காட்டி நின்றது. முழுமையான விசாரணைக்கும் விரிவான தீர்ப்புக்கும் உள்ளான வழக்கு தமிழ்நாட்டினுடையதே. ஆதலின் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருந்தும்.

200ஆம் உறுப்பின் சொற்கள்

சட்டமன்றம் நிறைவேற்றிய முன்வடிவு, நாளிதழ்கள் மசோதா என்று குறிப்பது, ஆளுநரிடம் வைக்கப்படும்போது அவர் மூன்றில் ஒன்றை அறிவிக்க வேண்டும் என்கிறது 200ஆம் உறுப்பு: இசைவளிப்பதாக அறிவிக்கலாம், இசைவை நிறுத்தி வைப்பதாக அறிவிக்கலாம், குடியரசுத் தலைவரின் ஆய்வுக்காக ஒதுக்குவதாக அறிவிக்கலாம். இங்கு வினைச்சொல் ‘அறிவிக்க வேண்டும்’ என்னும் கட்டாயப் பொருளில் அமைந்திருப்பது கருதத்தக்கது. மூன்று வழிகளுள் தெரிவு செய்ய இடமுண்டு; எதையும் அறிவிக்காதிருக்க இடமில்லை. மௌனம் என்பது இவ்வுறுப்பின் பட்டியலில் இல்லாத நான்காவது வழி.

உறுப்பைத் தொடர்ந்து இரண்டு வரம்புரைகள் வருகின்றன. முதல் வரம்புரையின்படி, பணச் சட்டமுன்வடிவு அல்லாத பிறவற்றை ஆளுநர் ‘இயன்ற அளவு விரைவில்’ தம் செய்தியோடு சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். மன்றம் அதனை மீளாய்வு செய்து, திருத்தத்துடனோ திருத்தமின்றியோ மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் இசைவை நிறுத்தி வைத்தலாகாது. இரண்டாம் வரம்புரை, உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கக்கூடியதென ஆளுநர் கருதும் முன்வடிவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்கிறது.

நிறுத்தி வைத்தல், திருப்பி அனுப்புதல் ஆகிய இரண்டும் தனித்தனிச் செயல்களா, ஒன்றன் இரு கூறுகளா என்பது இங்கு எழும் முதல் ஐயம். தனித்தனி எனின், ஆளுநர் ஒரு முன்வடிவுக்கு இசைவை நிறுத்தி வைத்து, காரணம் எதுவும் கூறாமல், அதனை அங்கேயே மடியச் செய்யலாம். 1979இல் வல்லூரி பசவய்ய சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய சில சொற்கள் இப்பொருளுக்கு இடம் தந்தன. 2023 நவம்பர் 10 அன்று பஞ்சாப் மாநில வழக்கில் அந்நீதிமன்றமே வேறு விடை கண்டது: நிறுத்தி வைக்கும் ஆளுநர் முதல் வரம்புரையின்படி முன்வடிவைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் செயலை மறுப்பின்மை, விளக்கமின்மை ஆகியவற்றாலேயே அழித்துவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் உட்கிடை.

201ஆம் உறுப்பு இன்னொரு வியப்பைத் தருகிறது. ஒதுக்கப்பட்ட முன்வடிவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பச் செய்தால், மாநிலச் சட்டமன்றம் அதனை ஆறு மாதங்களுக்குள் மீளாய்வு செய்ய வேண்டும் என்று அங்கு எண்ணாலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. ஆனால் குடியரசுத் தலைவர் எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு எண்ணும் இல்லை. ‘விரைவில்’ என்ற சொல்லும் இல்லை. மக்கள் மன்றத்துக்குக் கெடு உண்டு, மாளிகைக்கு இல்லை. மீண்டும் நிறைவேற்றப்பட்டாலும் அவர் இசைவளித்தே தீர வேண்டும் என்றும் அவ்வுறுப்பு கூறவில்லை.

சொற்களின் வரலாறு

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, மாகாண ஆளுநர் ‘தம் விருப்புரிமைப்படி’ இசைவளிக்கவோ, நிறுத்தி வைக்கவோ, தலைமை ஆளுநருக்கு ஒதுக்கவோ செய்யலாம் என்றது. அந்த ஆளுநர் பேரரசின் முகவர். அவருடைய விருப்புரிமை காலனி ஆட்சியின் காப்புப் பூட்டு. அரசியலமைப்பு வரைவின் 175ஆம் உறுப்பில், முன்வடிவைத் திருப்பி அனுப்பும் இடத்தில் இச்சொற்கள் எஞ்சியிருந்தன. 1949இல் அரசியலமைப்பு அவை அவ்வரம்புரையை மாற்றி எழுதியபோது ‘தம் விருப்புரிமைப்படி’ என்பது நீக்கப்பட்டது. பின்னாளில் மாநில அரசுகள் தம் வாதத்தில் பெரிதும் சார்ந்து நின்றது இந்நீக்கத்தையே.

மறுதரப்புக்கும் வரலாற்றில் சான்றுண்டு. நாடாளுமன்ற முன்வடிவுகளைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவுறுப்பில் முதலில் ‘ஆறு வாரங்களுக்குள்’ என்று இருந்தது. அதனை அம்பேத்கர் ‘இயன்ற அளவு விரைவில்’ என்று மாற்ற முன்மொழிந்தார், எச்.வி. காமத் போன்றோர் கெடு வேண்டும் என்று வாதிட்டும் மாற்றமே ஏற்கப்பட்டது. எண்ணை அறிந்தே விட்டவர்கள் விட்ட இடத்தில் நீதிமன்றம் எண்ணை எழுதலாமா என்னும் வாதத்தின் வேர் இங்குள்ளது. காமத்தின் அச்சம் வீணன்று என்பதை 1986இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்திய அஞ்சலகத் திருத்த முன்வடிவு காட்டியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு இசைவும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அவருக்குப் பின்வந்த ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதனைத் திருப்பி அனுப்பினார். தனியார் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தந்த முன்வடிவு அது. ஆதலின் அன்று மௌனம் மக்களுரிமைக்குக் காவலாக நின்றது எனப் பலர் பாராட்டினர். மௌனத்தை ஆராய்வோர் இந்த எடுத்துக்காட்டையும் மறைத்தல் நேர்மையாகாது.

இடைப்பட்ட காலத்தில் ஆணையங்கள் எண்களைப் பரிந்துரைத்தவண்ணம் இருந்தன. ஒதுக்கப்பட்ட முன்வடிவுகளின்மீது நான்கு மாதங்களுக்குள் முடிவு காண வேண்டும் என 1988இல் சர்க்காரியா ஆணையமும், ஆளுநர் ஆறு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என 2010இல் பூஞ்சி ஆணையமும் கூறின. ஒதுக்கப்பட்டவற்றை மூன்று மாதங்களுக்குள் முடிக்குமாறு ஒன்றிய உள்துறை அமைச்சகமே 2016இல் தன் அலுவலகக் குறிப்பாணையில் அறிவுறுத்தியது. இவற்றுள் எதுவும் சட்டமாகவில்லை.

பத்து முன்வடிவுகள்

2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை தமிழ்நாடு சட்டமன்றத்திலிருந்து சென்ற 12 முன்வடிவுகள் ஆளுநரிடம் தேங்கின. முதல் இரண்டு முந்தைய ஆட்சியில் நிறைவேறியவை. ஆதலின் இதனை ஓர் அரசுக்கும் ஓர் ஆளுநருக்கும் இடைப்பட்ட தனிப்பூசலாகச் சுருக்குதல் தவறு. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் பற்றியவை. துணைவேந்தரை அமர்த்தும் அதிகாரத்தை வேந்தரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றுவதே அவற்றுள் பலவற்றின் நோக்கம். வேந்தர் என்பவர் ஆளுநரே. தம் அதிகாரத்தைக் குறைக்கும் முன்வடிவின்மீது தாமே முடிவெடுக்க வேண்டிய நிலை அவருக்கு. இந்த நெருடலை இருதரப்பு வழக்குரைகளும் போதிய அளவு பேசவில்லை என்றே தோன்றுகிறது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் அப்பட்டியலில் இருந்தன. சட்டம் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் இவ்வழக்கைத் தொலைவிலிருந்து பார்க்கும் நிலையில் இல்லை.

2023 அக்டோபர் இறுதியில் மாநில அரசு 32ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நவம்பர் 10 அன்று நீதிமன்றம் அறிவிப்பு அனுப்பியது. நவம்பர் 13 அன்று ஆளுநர் பத்து முன்வடிவுகளுக்கு இசைவை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். காரணம் கூறும் செய்தி உடன் இல்லை. எஞ்சிய இரண்டு குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கப்பட்டன. நவம்பர் 18 அன்று சட்டமன்றம் சிறப்பாகக் கூடி அப்பத்தையும் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது. பஞ்சாப் தீர்ப்பின் முழுவாசகம் நவம்பர் 23 அன்று வெளியாயிற்று. நவம்பர் 28 அன்று ஆளுநர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். ஆண்டுக்கணக்கில் அசையாத கோப்பு வழக்கு தொடுத்த ஒரு மாதத்துக்குள் இருமுறை அசைந்தது. இந்நாள்களின் வரிசையே பின்னர்த் தீர்ப்பின் போக்கை முடிவு செய்தது எனலாம்.

ஏப்ரல் தீர்ப்பு

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. ஆளுநருக்கு முழுத் தடுப்பதிகாரமும் இல்லை, கோப்பைக் கிடப்பில் போடும் தடுப்பதிகாரமும் இல்லை என்பது அதன் அடித்தளம். இசைவளித்தல் பற்றிய பணியில் ஆளுநர் பொதுவாக அமைச்சரவையின் உதவியையும் அறிவுரையையும் பின்பற்றக் கடமைப்பட்டவர், விதிவிலக்குகள் குறுகியவை. மன்றம் மீண்டும் நிறைவேற்றிய முன்வடிவை, அது பொருளளவில் மாறியிருந்தாலன்றி, இரண்டாம் சுற்றில் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குதல் கூடாது.

அடுத்து நீதிமன்றம் காலத்தை எண்களாக வகுத்தது. அமைச்சரவையின் அறிவுரைப்படி நிறுத்தி வைக்கவோ ஒதுக்கவோ ஒரு மாதம். அறிவுரைக்கு மாறாகச் செய்யின் மூன்று மாதம். மீண்டும் நிறைவேற்றி அனுப்பப்பட்டதற்கு இசைவளிக்க ஒரு மாதம். ஒதுக்கப்பட்டதன்மீது குடியரசுத் தலைவர் முடிவெடுக்க மூன்று மாதம். இக்காலங்களைக் கடந்தால் மாநிலம் நீதிமன்றத்தை அணுகலாம். இவ்வெண்கள் உறுப்பைத் திருத்துவன அல்ல, ஆளுநரின் நடத்தை நியாயமானதா என அளக்கும் அளவுகோல் மட்டுமே என்று அமர்வு கூறியது. அந்நுண்ணிய வேறுபாடு பொதுவெளியில் எவர் செவியையும் எட்டவில்லை.

இறுதியாக, முழு நீதி வழங்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்தி, பத்து முன்வடிவுகளும் மீண்டும் ஆளுநரிடம் வைக்கப்பட்ட நாளிலேயே இசைவு பெற்றனவாகக் கருதப்படும் என அமர்வு அறிவித்தது. அவற்றின்மீது குடியரசுத் தலைவர் எடுத்த நடவடிக்கைகளும் சட்டத்தின் கண் இல்லாதவை ஆயின. பேரறிவாளன் வழக்கில் 2022 மே மாதம் இதே உறுப்பு பயன்பட்டது நினைவுகூரத்தக்கது. அங்கும் அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரிடம் ஆண்டுக்கணக்கில் முடிவின்றிக் கிடந்தது. அங்கும் நீதிமன்றம் காத்திருக்க மறுத்து விடுதலையைத் தானே ஆணையிட்டது. ஆயினும் ஒரு மனிதரின் தண்டனைக் காலத்தை முடித்து வைப்பதும் ஒரு முன்வடிவைச் சட்டமாக்குவதும் ஒரே வகைச் செயல்கள் அல்ல. முன்னது ஒருவரின் உரிமையைத் தீர்ப்பது. பின்னது அனைவரையும் கட்டுப்படுத்தும் விதியைப் பிறப்பிப்பது.

ஏப்ரல் 11 அன்று தமிழ்நாடு அரசிதழில் பத்துச் சட்டங்களும் ஆளுநரின் ஒப்பமோ குடியரசுத் தலைவரின் ஒப்பமோ இன்றி வெளிவந்தன. அடுத்த வாரம் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் 142ஆம் உறுப்பை மக்களாட்சி ஆற்றல்களுக்கு எதிரான அணு ஏவுகணையாக உவமித்துக் கடிந்தார். மூத்த வழக்குரைஞர்கள் சிலர் அவருக்கு மறுமொழி கூறினர். விவாதம் நீதிமன்றத்திலிருந்து தொலைக்காட்சிக்கு நகர்ந்தது. அங்கு அது ஆளுநர் வேண்டுமா வேண்டாமா என்னும் பழைய வடிவத்தை எய்திற்று.

சட்டமாகிவிட்டதால் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பதை மே 21 காட்டியது. துணைவேந்தர் நியமனம் பற்றிய திருத்தங்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளோடு முரண்படுகின்றன என்னும் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. முன்வடிவு செல்லுமா என்பதை ஆராய உரிய இடம் எது என்ற வினாவுக்கு இந்நிகழ்வு ஒரு செயல்முறை விடை: சட்டமான பின் நீதிமன்றம். தகுதியின்மையைக் காரணம் காட்டி ஆளுநர் தடுக்காவிடில் தகாத சட்டங்கள் பெருகிவிடும் என்னும் அச்சத்துக்கு இங்கு வலிமை குறைகிறது.

நவம்பர் கருத்துரை

2025 மே 13 அன்று குடியரசுத் தலைவர் 143ஆம் உறுப்பின்கீழ் 14 வினாக்களை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் சூர்ய காந்த், விக்ரம் நாத், பி.எஸ். நரசிம்மா, ஏ.எஸ். சந்துர்கர் ஆகிய ஐவர் அமர்வு நவம்பர் 20 அன்று ஒருமித்த கருத்துரை வழங்கியது.

கருத்துரை மாநிலங்களின் வாதத்தை முற்றிலும் தள்ளவில்லை. காரணமின்றி நிறுத்தி வைத்து முன்வடிவை மடியச் செய்யும் வழி ஆளுநருக்கு இல்லை; இசைவளித்தல், கருத்துகளோடு திருப்பி அனுப்புதல், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குதல் ஆகிய மூன்றே அவருக்குரியவை என்பதை அது உறுதி செய்தது. பஞ்சாப் தீர்ப்பின் மையம் இவ்வாறு ஐவர் அமர்வின் வலிமையைப் பெற்றது. ஊடகங்கள் இதனை விட்டுவிட்டன.

எனினும் அம்மூன்றுள் எதைத் தெரிவு செய்வது என்பதில் ஆளுநருக்கு விருப்புரிமை உண்டு, அங்கு அமைச்சரவையின் அறிவுரை அவரைக் கட்டுப்படுத்தாது என்றது அமர்வு. அரசியலமைப்பு அவை நீக்கிய சொற்களின் பொருள் விளக்கத்தின் வழியே திரும்பி வந்ததோ என்று ஐயுற இடமுண்டு. தம் அரசின் முன்வடிவைத் திருப்பி அனுப்புமாறு எந்த அமைச்சரவையும் அறிவுரை கூறாது என்பது இதற்கு எதிர்வாதம். நடைமுறை நோக்கில் அதுவும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

காலக்கெடு, கருதப்பட்ட இசைவு ஆகிய இரண்டையும் கருத்துரை மறுத்தது. ‘இயன்ற அளவு விரைவில்’ என்பது நெகிழ்வுக்காகவே அமைந்த தொடர். அதனுள் நீதிமன்றம் எண்களைப் புகுத்துதல் முறையன்று. ஆளுநரின் இடத்தில் நீதிமன்றம் இசைவளித்ததாகக் கொள்வது ஒரு பிரிவின் பணியை மற்றொரு பிரிவு கையகப்படுத்துவதாகும்; 142ஆம் உறுப்பு அதற்கு உதவாது. சட்டமாகாத முன்வடிவின் உள்ளடக்கத்தை நீதிமன்றம் ஆராயவும் இயலாது.

அப்படியாயின் மௌனத்துக்கு என்ன தீர்வு? ஆளுநரின் முடிவு சரியா என்று நீதிமன்றம் ஆராயாது. ஆனால் நெடியதும் விளக்கமற்றதும் முடிவற்றதுமான செயலின்மை இருப்பின், நியாயமான காலத்துக்குள் தம் பணியைச் செய்யுமாறு வரம்புக்குட்பட்ட ஆணை பிறப்பிக்கலாம். எந்த முடிவை எடுக்க வேண்டும் என்று கூறுதல் கூடாது. ஆளுநருக்குத் தனிப்பட்ட முறையில் காப்பளிக்கும் 361ஆம் உறுப்பு இதற்குத் தடையாகாது. செயலுறுத்து நீதிப்பேராணையின் மிகப் பழைய வடிவம் இதுவே: கடமையைச் செய் என்று சொல்லும், எப்படிச் செய் என்று சொல்லாது.

தீர்ப்பும் கருத்துரையும்

இவ்விரண்டுள் எது இன்று சட்டம் என்பது மாணவர் பெரிதும் தடுமாறும் இடம். ஏப்ரலில் வந்தது தரப்பினரிடையே வழங்கப்பட்ட தீர்ப்பு. நவம்பரில் வந்தது தரப்பினரற்ற வினாவுக்குக் கூறப்பட்ட கருத்து. 143ஆம் உறுப்பைப் பயன்படுத்தி நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பின்மீது மேல்முறையீட்டில் அமர்வதுபோல் அமர முடியாது என்று காவிரி நடுவர் மன்றம் தொடர்பான கருத்துரையில் உச்ச நீதிமன்றமே முன்னர்க் கூறியுள்ளது. எனவே பத்து முன்வடிவுகள் சட்டமானதைக் கருத்துரை நேரடியாகக் கலைக்கும் ஆணை அன்று. ஆனால் வருங்காலத்தில் மூன்று மாதக் கெடு கடந்தது என்று ஏப்ரல் தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றத்தை அணுகும் வழக்குரைஞருக்கு ஐந்து நீதிபதிகளின் கருத்து எதிரே நிற்கும். கருத்துரை 141ஆம் உறுப்பின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்துமா என்பதில் 1978இன் தனி நீதிமன்றங்கள் முன்வடிவு வழக்கிலிருந்தே முழு ஒருமை இல்லை. நடைமுறையில் எந்த உயர் நீதிமன்றமும் அதனைப் புறக்கணித்ததாகச் சொல்வதும் அரிது. ஏட்டளவில் ஒன்றும் நீதிமன்ற அறையில் ஒன்றுமாக நிலவும் இவ்வேறுபாட்டைத் தேர்வு விடைத்தாளில் ஒரு வரியில் எழுதிவிட முடியாது.

எண்ணும் நியாயமும்

அரசியலமைப்பில் எண் இல்லாத இடத்தில் நீதிமன்றம் எண்ணை எழுதியதே இல்லையா? எழுதியிருக்கிறது. கட்சித் தாவல் பற்றிய பத்தாம் அட்டவணையில் பேரவைத் தலைவருக்குக் காலவரம்பு கிடையாது. ஆயினும் 2020இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனிச் சூழல் இருந்தாலன்றி மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. பேரவைத் தலைவருக்கு ஆகும் எண் ஆளுநருக்கு ஏன் ஆகாது என்னும் வினா நியாயமானதே. தகுதிநீக்க விசாரணையில் பேரவைத் தலைவர் நடுவர் மன்றம் போலச் செயல்படுகிறார் என 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் நீதிமன்றம் வகைப்படுத்தியது; நடுவருக்குக் கெடு விதிப்பது நீதிமன்றத்துக்குப் பழகிய பணி. ஆளுநரோ சட்டமியற்றலின் ஓர் அங்கமாக நிற்கிறார். வேறுபாடு உண்டு. ஆனால் அவ்வேறுபாடு எண்ணை மறுக்கும் அளவுக்கு ஆழமானதா என்பதில் அறிஞர் உடன்படவில்லை.

பிற நாடுகளில் இச்சிக்கலைச் சட்டமே தீர்த்து வைத்திருப்பதையும் காணலாம். அமெரிக்க அரசியலமைப்பின்படி, ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள்களுக்குள் அதிபர் ஒப்பமிடவோ திருப்பி அனுப்பவோ இல்லையெனில், காங்கிரசு அமர்வில் இருக்கும்வரை முன்வடிவு தானே சட்டமாகும். கருதப்பட்ட இசைவு என்பது கருத்தளவில் பொருந்தாத ஒன்றன்று. அங்கு அதனை எழுதியவர் நீதிபதி அல்லர் என்பதே வேறுபாடு.

நவம்பர் கருத்துரைக்குப் பின் எஞ்சும் இடர் வேறு வகையானது. ஒரு மாநிலம் இரண்டாண்டு காத்திருந்து நீதிமன்றத்தை நாடி, முடிவெடுக்குமாறு ஆணை பெறுகிறது எனக் கொள்வோம். ஆளுநர் ஆணைக்குக் கீழ்ப்படிந்து முன்வடிவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். அவர் ஆணையை மீறியவராகார். முன்வடிவோ ஒரு மௌனத்திலிருந்து இன்னொரு மௌனத்துக்கு இடம் பெயர்கிறது. புதிய இடத்தில் ‘விரைவில்’ என்ற சொல்கூட இல்லை. தமிழ்நாட்டின் நீட் விலக்கு முன்வடிவு இவ்வழியில் சென்றதே. 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 பிப்ரவரியில் ஆளுநரால் திருப்பப்பட்டு, அதே மாதம் மீண்டும் நிறைவேறி, குடியரசுத் தலைவருக்குச் சென்று, இசைவு மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மறுப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்த மூன்றரை ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள் எந்த விதியை நம்பிப் படிப்பது என்று அறியாமலேயே தேர்வறைக்குச் சென்றனர்.

பல்கலைக்கழகங்களிலும் நிலை இதுவே. நியமன அதிகாரம் யாருடையது என்னும் வினா தீராத நிலையில், சென்னைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் துணைவேந்தரின்றி ஒருங்கிணைப்பாளர் குழுக்களின் பொறுப்பில் இயங்கின. ‘நியாயமான காலம்’ என்றால் எவ்வளவு என்பதை நீதிமன்றங்கள் இனி வழக்குக்கு வழக்கு அளந்து கூற வேண்டும். ஒரு முன்வடிவுக்கு நான்கு மாதம் நெடியது என்றும் மற்றொன்றுக்கு ஓராண்டு பொறுக்கத்தக்கது என்றும் தீர்ப்புகள் வரக்கூடும். முன்வடிவின் உள்ளடக்கத்தைப் பாராமல் அதன் சிக்கலை எவ்வாறு மதிப்பிடுவது, சிக்கலை மதிப்பிடாமல் தாமதத்தை எவ்வாறு அளப்பது என்னும் முடிச்சைக் கருத்துரை அவிழ்க்கவில்லை. வரம்புக்குட்பட்ட ஆணையைக் கோரி அடுத்து வரும் மாநிலத்தின் மனுவில் முதலில் எழுதப்பட வேண்டிய பத்தி அம்முடிச்சைப் பற்றியதாகவே இருக்கும்.